பேச வராத வக்கீல்

பழவேற்காடு ஏரியில் இறால் தடவும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா?

பனை ஓலையில் முடைந்த பறியை வாயில் கடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கைகளும் தண்ணீருக்கு அடியில் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். கைக்கு அகப்பட்ட இறால் பறிக்குள் போகும். வாயும் சும்மா இல்லை, கையும் சும்மா இல்லை. அப்படியும் பேச்சு நிற்பதில்லை! புருவத்தை உயர்த்தினால் ஒரு கேள்வி. தலையை ஆட்டினால் ஒரு பதில். கண்ணை ஒரு பக்கம் வெட்டினால், அந்தப் பக்கம் போ என்று அர்த்தம்.

அப்பால், ஏரிக்குள் படகுகள். எதிர்க்காற்று வீசும்போது எவ்வளவு கத்தினாலும் அடுத்த படகுக்குக் குரல் எட்டாது. ஆகவே துண்டை வீசிக் காட்டுகிறார்கள். கரையில் மீன் ஏலம் போகும்போது தலையை ஆட்டிவிட்டால் விலை முடிந்தது. பிறகு ஆட்டவில்லை என்று சொல்ல முடியாது.

இப்போது இதற்கு உடல்மொழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் ஜாடை என்று சொல்வார்கள். பெயர் எதுவானாலும், வீட்டில் தினமும் நடக்கிற சங்கதிதான். வந்த விருந்தாளியை வாய் வரவேற்கிறது. முகமோ சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறது. விருந்தாளி எதை நம்புவார்? முகத்தைத்தான் நம்புவார். ஒரு வாய்க் காப்பி குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இந்த ஜாடைப் பேச்சினால் ஒரு தேசத்தோடு பேசிய மனிதர் ஒருவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்கு அவர் பேச்சு புரிந்தது. அவர் பாஷை தெரியாத ஊர்களிலும் புரிந்தது. வேடிக்கை என்னவென்றால், இளமையில் அவருக்கு வாய்ப் பேச்சே வரவில்லை!

மோகன்தாஸ் கரம்சந்த் காந்திதான் அவர். அவர் சரித்திரம் எல்லாருக்கும் தெரியும். அவருடைய கை, கால், தலைப்பாகை, துணி, மௌனம் ஆகியவற்றின் சரித்திரத்தை மட்டும் இங்கே பார்ப்போம்.

வாத்தியாரின் கால்

1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, குஜராத்திலே கடற்கரைப் பட்டணமான போர்பந்தரில் பிறந்தார். தகப்பனார் கரம்சந்த் அங்கே திவானாக இருந்தவர். மகனோ மகா கூச்சக்காரன். பள்ளிக்கூட மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவான். வழியில் யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்!

ராஜ்கோட்டில் உயர்தரப் பள்ளியின் முதல் ஆண்டு. இன்ஸ்பெக்டர் துரை பரிட்சை வைக்க வந்தார். ஐந்து ஆங்கில வார்த்தைகளைச் சொல்லி எழுதச் சொன்னார். அதில் ஒன்று, தண்ணீர் காய்ச்சும் கெட்டில். மோகன்தாஸ் அதைத் தப்பாக எழுதிவிட்டான். வாத்தியார் பார்த்தார். தம் பூட்ஸ் காலின் நுனியால் அவனை மெல்லத் தட்டினார். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுது என்று அதற்கு அர்த்தம். பையனுக்குப் புரியவே இல்லை. காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தானே வாத்தியார் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தான். மற்ற எல்லாரும் சரியாக எழுதியிருந்தார்கள். அவன் ஒருவன்தான் தப்பு.

அதே பையன் சில ஆண்டுகள் கழித்து வேறொரு ஜாடையைச் சரியாகப் புரிந்துகொண்டான். அண்ணன் வாங்கிய கடனைத் தீர்ப்பதற்காக, அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டு தங்கத்தைத் திருடினான். மனசு கேட்கவில்லை. அப்பாவிடம் வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. ஒரு காகிதத்தில் எழுதினான். தண்டனை கொடுக்கும்படி அதில் கேட்டிருந்தான். காகிதத்தை நீட்டியபோது கை நடுங்கியது.

அப்பா நோயாகப் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கன்னத்தில் ஓடி, காகிதத்தை நனைத்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு காகிதத்தைக் கிழித்துப் போட்டார். மறுபடி படுத்துக்கொண்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகனும் அழுதான். வயதான காலத்தில் தம் சுயசரிதையான சத்திய சோதனையை எழுதும்போது அந்தக் காட்சி அப்படியே கண்முன் நிற்பதாகக் காந்திஜி குறிப்பிட்டிருக்கிறார்.

பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை அந்தக் கட்டிலருகேதான் அவர் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணாடி முன் பத்து நிமிஷம்

1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனார். வயது பதினெட்டு. அங்கே வெள்ளைக்காரர்களுடைய தோரணையைப் பார்த்தார். தாமும் அப்படி ஆகவேண்டும் என்று ஆசை பிறந்தது.

பத்தொன்பது ஷில்லிங் கொடுத்து உயரமான தொப்பி வாங்கினார். பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு விருந்து உடுப்புத் தைத்துக்கொண்டார். அண்ணனுக்கு எழுதி, இரட்டை வடத் தங்கக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். தினமும் பெரிய கண்ணாடி முன் நின்று, தலை வாரவும் கழுத்துப் பட்டை கட்டவும் பத்து நிமிஷம் செலவழித்தார். மூன்று பவுன் கட்டி நடன வகுப்பில் சேர்ந்தார். பியானோ ஒரு பக்கம் போகும். இவர் கால் இன்னொரு பக்கம் போகும்! தாளம் பிடிபடுவதற்காகப் பிடில் வாங்கினார். அது இன்னொரு மூன்று பவுன். மேடைப் பேச்சுக் கற்க ஓர் ஆசிரியரையும் அமர்த்திக்கொண்டார்.

மூன்று மாதம் இந்தக் கூத்து நடந்தது. பிறகு ஒருநாள் புத்தி வந்தது. பிடிலை விற்றுவிடும்படி ஆசிரியையிடமே கேட்டுக்கொண்டார். நடனத்தையும் விட்டார். உடை மிடுக்கு மட்டும் சில ஆண்டுகள் கூடவே இருந்தது.

இரவல் வாங்கிய தோரணை உடம்பில் ஒட்டுமா? இன்றைக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கையை இப்படி வை, காலை அப்படி வை என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லிக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் உள்ளே நடுக்கம் இருக்கும்போது, மேலே போட்ட கோட்டு அதை எத்தனை நேரம் மறைக்கும்?

காந்திஜிக்கு மறைக்கவில்லை. 1891-ல் ஊருக்குத் திரும்பும் முன் நண்பர்களுக்கு ஒரு பெரிய ஓட்டலில் விருந்து வைத்தார். ஒரு ஹாஸ்யக் கதையோடு பேச்சைத் தொடங்குவதாக ஏற்பாடு. பார்லிமெண்டில் பேச எழுந்து, வார்த்தை வராமல் மூன்று முறை தடுமாறிய ஓர் ஆங்கிலேயரின் கதை அது. எழுந்து நின்றார். முதல் வாக்கியம் வந்தது. அதோடு சரி! இரண்டாவது வாக்கியம் வரவில்லை. பேச வராதவரின் கதையைச் சொல்லப் போனவர், தாமே அந்தக் கதை ஆகிவிட்டார். வந்தவர்களுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

பம்பாய்க்கு வந்து வக்கீல் தொழில் தொடங்கினார். முதல் கேஸ், மாமிபாய் என்ற அம்மாளுடையது. முப்பது ரூபாய் பீஸ். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. கோர்ட்டே சுழல்வது போல் இருந்தது. ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். கட்சிக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெட்கத்தோடு வெளியேறினார்.

தலைப்பாகை

1893-ல் ஒரு முஸ்லிம் வியாபாரியின் வழக்குக்காகத் தென் ஆப்பிரிக்கா போனார். டர்பன் துறைமுகத்தில் இறங்கிய இரண்டு மூன்று நாளில் அந்த ஊர்க் கோர்ட்டைப் பார்க்கப் போனார். தலையில் வங்காளி மாதிரியில் தலைப்பாகை. மாஜிஸ்டிரேட் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தலைப்பாகையை எடுக்கச் சொன்னார்.

காந்திஜி எடுக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். பம்பாய்க் கோர்ட்டில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்தவர், டர்பன் கோர்ட்டில் வாய் திறக்காமலே பதில் சொல்லிவிட்டார்! பத்திரிகைகளில் அது பெரிய சங்கதி ஆயிற்று.

அதன் பிறகு ஜூன் 7-ந் தேதி இரவு, மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்பிலிருந்து அவரைத் தள்ளி இறக்கிய கதை உலகம் அறிந்தது. அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லவேண்டியது வேறு ஒன்று. 1894 செப்டம்பரில் நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் அவரை வக்கீலாகச் சேர்த்துக்கொண்டார்கள். பிரமாணம் முடிந்ததும், கோர்ட்டு விதிப்படி தலைப்பாகையை எடுக்கவேண்டும் என்றார் பிரதம நீதிபதி. இம்முறை காந்திஜி எடுத்தார். பெரிய சண்டைகள் முன்னே இருக்கும்போது, இதற்காகச் சக்தியை வீணாக்க வேண்டாம் என்று அவர் நினைத்தார். நண்பர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கும் உள்ளூர உறுத்தல் இருந்திருக்கும். துணியைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பது அன்று அவருக்குத் தெரிந்தது.

அதற்குக் கொஞ்ச நாளில்தான் ஒரு தமிழர் அவருடைய ஆபீசுக்குள் வந்தார்.

பாலசுந்தரம்

தமிழர் ஏன் அவ்வளவு தூரம் போனார்? அதற்குப் பழைய காலத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

நம் கடற்கரையிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிய கதைக்குப் பழவேற்காடும் சாட்சி. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே ஜெல்டிரியா என்ற கோட்டையை எழுப்பினார்கள். துணி வாங்கினார்கள். பஞ்சம் வந்தபோது ஆட்களையும் வாங்கினார்கள்! அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி, இன்று ஜகார்த்தா என்று வழங்கும் பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். இன்று கோட்டை இடிந்து காடாகிக் கிடக்கிறது. டச்சுக்காரர் கல்லறைகள் மட்டும் செதுக்கு வேலைப்பாட்டோடு நிற்கின்றன.

வெள்ளைக்காரர் சர்க்கார் அடிமை முறையை எடுத்தது. அந்த இடத்தில் ஒப்பந்தக் கூலி முறை வந்தது. 1860 நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து கிளம்பிய டுரூரோ என்ற கப்பல் டர்பனில் போய் நின்றது. கரும்புத் தோட்டங்களுக்கு வந்த முதல் கூலி ஜனங்கள் அதில் இருந்தார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் பத்து ஷில்லிங் கூலி. ஒப்பந்தம் முடியும் முன் எஜமானை விட்டுப் போனால் அது கிரிமினல் குற்றம். ஜெயில்தான்!

அப்படிப் போனவர்களில் ஒருவர் பாலசுந்தரம். டர்பனில் பெயர் பெற்ற ஒரு வெள்ளைக்காரரிடம் வேலை பார்த்தார். எஜமானுக்கு ஒருநாள் கோபம் தலைக்கேறியது. பலமாக அடித்துவிட்டார். முன் பற்கள் இரண்டு உடைந்தன.

கிழிந்த துணி, வாயில் ரத்தம், அழுகை, நடுக்கம். இந்தக் கோலத்தில் காந்திஜியின் முன் வந்து நின்றார். காந்திஜிக்கு அப்போது தமிழ் தெரியாது. அவருடைய குமாஸ்தா தமிழர். அவர் நடந்ததை மொழிபெயர்த்துச் சொன்னார்.

ஆனால் மொழிபெயர்க்க வேண்டாத ஒரு விஷயத்தைக் காந்திஜியின் கண் முன்பே பார்த்துவிட்டது. பாலசுந்தரத்தின் முண்டாசு தலையில் இல்லை. கையில் இருந்தது!

வெள்ளைக்காரரைப் பார்க்கப் போனால் கூலிக்காரன் தலையிலுள்ளதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தொப்பியோ, தலைப்பாகையோ, சுற்றிய துண்டோ, எதுவானாலும் சரி. இரண்டு கையாலும் கும்பிட்டால் கூடப் போதாது. அந்த வழக்கம் பாலசுந்தரத்தின் உடம்பில் ஊறியிருந்தது. பல் உடைந்து ரத்தம் கொட்டும்போதும், தம் நாட்டு வக்கீலிடம் வரும்போதும், முண்டாசைக் கழற்ற மறக்கவில்லை.

நம் பக்கத்தில் இது புதிதா? பண்ணையார் எதிரே வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கும். அல்லது கக்கத்துக்குள் போகும். செருப்பு கைக்கு வரும். முதுகு தானாக வளையும். அதை மரியாதை என்று சொல்லிவந்தோம். துண்டு போட்டிருந்தவனின் மனசு என்ன பாடுபட்டது என்று யார் கேட்டார்கள்?

காந்திஜிக்குச் சுருக்கென்றது. வழக்கு, டாக்டர், கோர்ட்டு எல்லாவற்றுக்கும் முன்னால், முண்டாசைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

பாலசுந்தரம் தயங்கினார். பிறகு கட்டிக்கொண்டார். அந்த அடிபட்ட முகத்தில் ஒரு சந்தோஷம் தோன்றியதைக் காந்திஜி கவனித்தார்.

அதன் பிறகே மற்றக் காரியங்கள். டாக்டரிடம் அனுப்பிச் சர்டிபிகேட் வாங்கினார். மாஜிஸ்டிரேட்டிடம் அழைத்துப் போனார். எஜமானைத் தண்டிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம் அல்ல. ஆளை விடுவித்தால் போதும். வேறு ஒரு நல்ல வெள்ளைக்காரரைத் தேடிப் பிடித்து, ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றச் செய்தார்.

விஷயம் தோட்டந்தோட்டமாகப் பரவியது. கூலி ஜனங்கள் அந்த ஆபீசைத் தேடி வரத் தொடங்கினார்கள். சென்னை வரையில் செய்தி எட்டியது. பேச வராத வக்கீலுக்கு அதற்குள் பேச்சும் வந்துவிட்டிருந்தது. தம் கூச்சத்தைப் பற்றி வருத்தப்படாதவர்களில் அவர் ஒருவர். வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்க அதுதான் கற்றுக் கொடுத்தது என்பது அவர் கருத்து. தமிழையும் கொஞ்சம் படித்தார். 1896-ல் இந்தியாவுக்கு வந்த கப்பலில், கப்பல் டாக்டர் கொடுத்த தமிழ்ப் பாட நூல் ஒன்றை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

1913-ல் அந்த நாட்டில் இந்தியத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. ஆட்கள் மாண்டார்கள். டிசம்பரில் டர்பன் கூட்டத்துக்கு வந்த காந்திஜியைப் பார்த்து ஜனங்கள் திகைத்தார்கள். கோட்டு இல்லை, கால்சட்டை இல்லை, பூட்ஸ் இல்லை. கூலிக்காரன் உடையில், வெறுங்காலோடு, மீசையை எடுத்துவிட்டு வந்திருந்தார். வீட்டில் இழவு விழுந்தவர் எப்படி வருவாரோ அப்படி! செத்தவர்கள் தமக்கு யார் என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேலமாசி வீதி

1915-ல் தாய்நாடு திரும்பினார். தமிழ்நாட்டுக்குப் பல முறை வந்தார். அவற்றில் 1921 செப்டம்பர் பயணம் முக்கியமானது.

மதுரைக்கு ரெயிலில் வரும்போது, வண்டியில் கூட்டத்தைப் பார்த்தார். பெரும்பாலோர் சீமைத் துணி கட்டியிருந்தார்கள். கதர் கட்டும்படி சொன்னார். கதர் வாங்க எங்களுக்கு வசதி ஏது என்ற பதில் வந்தது. காந்திஜி தம்மைக் குனிந்து பார்த்துக்கொண்டார். சட்டை, தொப்பி, முழு வேட்டி. அவர் சொல்வது ஒன்று. அவர் உடம்பு சொல்வது வேறு ஒன்று!

மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கினார். 22-ந் தேதி காலை, முழங்கால் வரையுள்ள நாலுமுழத் துண்டோடு வெளியே வந்தார். மதுரையில் அந்தக் கோலத்தில் அவர் கூட்டத்தில் பேசிய இடத்துக்குக் காந்தி பொட்டல் என்று பெயர் வந்தது. சிறிது காலத்துக்கு என்றுதான் முதலில் நினைத்தார். கடைசி வரை அதுவே நிலைத்தது.

தமிழ் தெரிந்த தலைவர்கள் பலர் அன்று மேடைகளில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். பேச்சு ரசிகர்களுக்குக் குறைவில்லை. ஆனால் கழனியில் நின்ற உழவனுக்கும், கட்டுமரம் தள்ளிய மீனவனுக்கும் காந்திஜி சொன்னது ஒரு பார்வையில் விளங்கியது. தங்களைப் போலவே கட்டியிருக்கிறார்! அதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

திங்கட்கிழமைகளில் அவர் பேசுவதில்லை. மௌன விரதம். சைகை காட்டுவார், அவசரமானால் துண்டுக் காகிதத்தில் எழுதுவார். 1947 ஜூன் 2-ந் தேதி, தேசப் பிரிவினைத் திட்டத்தைச் சொல்வதற்கு வைசிராய் மவுண்ட்பேட்டன் அவரை எதிர்பார்த்து, என்ன சொல்லப் போகிறாரோ என்று கலங்கிக்கொண்டிருந்தார். வந்தவர் உதட்டின் மேல் விரலை வைத்தார். அன்று திங்கட்கிழமை! உபயோகித்த பழைய உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிப் பதில் சொன்னார். வைசிராய்க்கு உயிர் வந்தது என்று சொல்லவேண்டும்.

ஒரு பிடி உப்பு

உப்பின் கதையைப் பழவேற்காடு போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிடித்த மீன் விற்காமல் மிஞ்சினால் கருவாடு போடவேண்டும். உப்பு இல்லாமல் கருவாடு ஏது? கண்ணுக்கு எதிரே கடல் உப்பைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அதை அள்ளக்கூடாது, சர்க்காருக்கு வரி கட்டித்தான் வாங்கவேண்டும் என்று வெள்ளையர் சட்டம் போட்டிருந்தார்கள்.

1930 மார்ச் 12-ந் தேதி, சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களோடு கிளம்பினார். வயது 60 முடிந்துவிட்டது. கையில் மூங்கில் கழி. ரெயில் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. இவர் நடந்தார்! சுமார் 240 மைல். 24 நாள். தினமும் கொஞ்சங் கொஞ்சமாக அவர் நடக்க நடக்க, உலகப் பத்திரிகைகள் கூடவே நடந்தன. வேகமாகப் போயிருந்தால் யார் கவனித்திருப்பார்கள்?

ஏப்ரல் 6-ந் தேதி காலை தண்டிக் கடற்கரையில் குளித்தார். கரையில் படிந்திருந்த உப்பைக் குனிந்து எடுத்தார். அவ்வளவுதான். ஒரு கிழவர் குனிந்து நிமிர்ந்தார். அதைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் ஆயிரம் ஆயிரமாக ஜனங்களை ஜெயிலில் தள்ள வேண்டியதாயிற்று. நம் பக்கத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து, ஏப்ரல் 30-ந் தேதி உப்பு அள்ளினார்.

பேசாப் பட ராஜா

1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்கு லண்டன் போனார். ஒருகாலத்தில் உயரத் தொப்பியோடு உலாவிய அதே லண்டன். இப்போது இடுப்பில் துண்டு, மேலே போர்வை. பெரிய ஓட்டல்களை விட்டு, ஏழைகள் வாழும் கிழக்குப் பகுதியில் தங்கினார். அந்தக் கோலத்திலேயே நவம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைத் தேநீர் விருந்துக்கும் போய் வந்தார்.

அங்கே ஒரு சந்திப்பு. செப்டம்பர் 22-ந் தேதி சார்லி சாப்ளின் அவரைப் பார்க்க வந்தார். மதுரையில் துண்டு கட்டிய அதே தேதி; சரியாகப் பத்து ஆண்டு!

சாப்ளின் ஒரு வார்த்தை பேசாமல், தொப்பியாலும் கைத்தடியாலும் நடையாலும் உலகத்தைச் சிரிக்கவும் அழவும் வைத்தவர். காந்திஜி அவர் படம் எதையும் பார்த்ததில்லை. யார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். சந்திப்பு ஓர் இந்திய டாக்டரின் சிறிய வீட்டில் நடந்தது. வெளியே தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். உள்ளே போன சாப்ளினுக்கு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை! இயந்திரங்களைப் பற்றிப் பேசினார்கள். பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காந்திஜியும் அவரோடு இருந்தவர்களும் பிரார்த்தனை செய்ததைச் சாப்ளின் ஒரு பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே கலையில் தேர்ந்த இரண்டு பேர் அந்தச் சின்ன அறையில் சந்தித்தார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு அது தொழில். இன்னொருவருக்கு அது வாழ்க்கை.

நவகாளிப் பாதை

1946-ல் கிழக்கு வங்காளத்தில் நவகாளியில் மதக் கலவரம். 77 வயதில் அங்கே போனார். 1947 ஜனவரி முதல் இரண்டு மாதம், செருப்பில்லாமல் கிராமம் கிராமமாக நடந்தார். 47 கிராமங்கள். மூங்கில் பாலங்கள், வயல் வரப்புகள். பிடிக்காதவர்கள் அவர் போகும் பாதையில் அசிங்கத்தைக் கொட்டி வைத்தார்கள். அவர் கோபப்படவில்லை, சுற்றிப் போகவும் இல்லை. காய்ந்த இலைகளை எடுத்துத் தாமே கூட்டித் தள்ளிவிட்டு, அந்த வழியாகவே நடந்தார்.

சுதந்திர தினத்தன்று டில்லியில் கொண்டாட்டம். அவர் கல்கத்தாவில் ஒரு பழைய வீட்டில் இருந்தார். செப்டம்பர் முதல் தேதி அங்கே மறுபடி கலகம் மூண்டபோது, சாப்பிடுவதை நிறுத்தினார். நாலாம் நாள் கலகக்காரர்கள் வந்து ஆயுதங்களை அவர் காலடியில் போட்டார்கள். அதன் பின்பே உணவு எடுத்துக்கொண்டார்.

1948 ஜனவரி 30-ந் தேதி, வெள்ளிக்கிழமை. டில்லி பிர்லா மாளிகை. சர்தார் பட்டேலோடு பேசிக்கொண்டிருந்ததில் மாலைப் பிரார்த்தனைக்குச் சுமார் பத்து நிமிஷம் தாமதம் ஆகிவிட்டது. தாமதம் அவருக்குப் பிடிக்காது. பேத்திமார் மனு, ஆபா இருவரின் தோளிலும் கை வைத்துக்கொண்டு, புல்வெளியில் வேகமாக நடந்தார். கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது. தோளிலிருந்து கையை எடுத்து, எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

காக்கிச் சட்டை அணிந்த ஒருவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனும் கையைக் கூப்பியிருந்தான். குனிந்தான். காலைத் தொட்டுக் கும்பிடப் போகிறான் என்றே மனு நினைத்தார். நேரமாகிவிட்டதே என்று கையை நீட்டித் தடுத்தார். அவன் அவரைத் தள்ளினான். மனுவின் கையிலிருந்த ஜபமாலையும் நோட்டுப் புத்தகமும் கீழே விழுந்தன. அவற்றை எடுக்க அவர் குனிந்தபோது, மூன்று முறை வெடிச் சத்தம் கேட்டது.

மணி ஐந்து பதினேழு. கும்பிட்ட கைகள் பிரியாமலே அவர் சாய்ந்தார்.